பின்கதவால் தண்ணீர் வருகிறதா?

பரமநாதன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி, கனடாவின் மிசிசாகாவில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டறைக்கு வந்து சேர்ந்தது. மாரடைப்பு. அன்று காலை, அவரை ஏற்றிப்போக வழக்கம்போல் டோர்செட் பார்க் பகுதியில் அவருடைய கட்டடத்தின் முன் காரை நிறுத்தி ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு, சுகமில்லையாக்கும் என்று நான் தனியே வேலைக்கு வந்திருந்தேன்.

அண்ணையை அறிந்த உங்களுக்கு அவருடைய காரையும் தெரிந்திருக்கும். கனடாவில் அவர் கார் வாங்கவேயில்லை. நான் சொல்வது மலேசியாவின் சின்னக் காரை. ஜப்பான் கார் ஒன்றை அந்த ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றபடி மாற்றிச் செய்த தொழிற்சாலையில் அவர் வேலை செய்தார். வெளியே குழாய்களால் தண்ணீரைக் கொட்டுவார்களாம். அண்ணை டோர்ச்சும் சோக்கட்டியுமாக உள்ளே இருந்து, ஒழுகும் இடத்தில் கோடு போடுவாராம். "இங்கை பனி மேலையிருந்துதான் வரும். அங்கை மழை கீழையிருந்தும் பெய்யும்" என்பார்.

எல்லாவற்றையும் அடைத்தும் பின்கதவு மட்டும் அடங்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஊரில் அவருக்குக் கலியாணம் பேசி, படம் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்து படம் அனுப்புகிற நம்மவர் ஒரு காரில் சாய்ந்துகொண்டுதானே நிற்பார்? யாருடைய கார் என்பதா முக்கியம்? அண்ணை, வெளியார் கண்ணில் படக்கூடாத சோதனைக் காரிலேயே சாய்ந்து நின்றுவிட்டார். படம் கழுவிய ஸ்டூடியோக்காரர் அதை நல்ல படமென்று கடைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார். கலியாணம் சரிவந்தது, வேலை போனது. கார் விற்பனைக்கு வந்தபோது அண்ணை இங்கே அகதி வழக்கின் முடிவுக்குக் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு யார் மலேசியா போனாலும் விடமாட்டார். அந்தக் கார் ஒன்றில் ஏறி, பின்கதவால் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வரச் சொல்வார். அண்ணைக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகினால்கூடக் கார் ஒழுகுகிறது என்று பகிடி பண்ணினோம். வேலையிலிருந்து கலைத்துவிட்டவர்களின் காருக்காக ஏன் இவ்வளவு கவலை என்று ஒருநாள் கேட்டேன். "கலைச்சது அவங்கள். கார் என்ன செய்தது?" என்றார்.

அவர் கேட்டு அனுப்பியவர்களில் கடைசி ஆள் என் மச்சான். செத்த வீடு முடிந்த பிறகுதான் திரும்பி வந்தான். கொட்டுகிற மழையில் அந்தக் காரில் போனானாம், ஒரு துளியும் உள்ளே வரவில்லையாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று அண்ணையின் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"அது அவருக்குக் கார் வந்த வருஷமே தெரியும், தம்பி. அங்கை அவரோடை வேலை செய்தவர் போன் எடுத்துச் சொன்னவர்."

பிறகு ஏன் கேட்டுக்கொண்டே இருந்தார் என்றேன்.

"'சரிப்பண்ணிட்டினம் எண்டு நான் ஒத்துக்கொண்டா, பிறகு எனக்கும் அந்தக் காருக்கும் என்ன தொடர்பு?' எண்டு அவர் என்னட்டைச் சொல்லுவார்."

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். போன கிழமை மலேசியாவுக்குப் புறப்பட்ட ஒருவரைக் கண்டேன். பதில் தெரிந்தும் கேட்டேன்.