மூச்சை விடுங்க மிஸ்

வீட்டுக் கணக்கு போடாமல் வந்த ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணை நான் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து அவள் என்னை நிற்க வைத்தாள். சேலையூரில் எங்கள் காலனிப் பூங்கா, காலை ஆறு மணி. முழங்காலை லேசாக மடக்கி, இல்லாத ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி கைகளை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நிற்கவேண்டும். வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொள்கிறாள் என்றுதான் முதல் நாள் நினைத்தேன்.

"மூச்சை விடுங்க மிஸ். இழுக்கறீங்க, விடவே மாட்டேங்கறீங்க" என்றாள்.

"முப்பத்து மூணு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவ. மூச்சு விட எனக்கு எங்க நேரம்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கும் தனியாக ஒரு பயிற்சி வைத்திருப்பார்கள் போல.

அந்தப் பயிற்சிக்கு சீகோங் என்று பெயர். சீனாவிலிருந்து வந்தது. மெதுவாகக் கை தூக்குவது, மெதுவாக இறக்குவது, நிற்பது, மூச்சைக் கவனிப்பது, அவ்வளவுதான். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அந்தப் பெண் இதைப் படித்து வந்திருந்தாள். கூடவே வெல்னஸ் கோச் என்று ஒரு சான்றிதழும் உண்டு. நான் அவளை அங்கே தேடிப் போனது எனக்காக அல்ல, என் கணவருக்காக.

அவருக்கு ஒரு டிசம்பர் மாதத்தில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். உடம்பு தேறிவிட்டது, ஆள் தேறவில்லை. முப்பது வருஷம் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் என்கிற அடிக்குரல் பாடியவர் அவர். காய்கறி நறுக்கும்போதுகூட அடித்தொண்டையில் ஏதாவது உருட்டிக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் ஒரு முனகல்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டிருப்பார். குழுத் தலைவர் மாதம் ஒரு தடவை போன் செய்து எப்போது வருவார் என்று கேட்பார். "அவருக்கு இப்ப பாட்டுன்னாலே பயம் சார்" என்று நான்தான் பதில் சொல்லுவேன். அவர் திரும்பப் பாடுவாரா என்ற ஒரே கேள்விதான் அப்போது எங்கள் வீட்டில் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

சீகோங் என்றதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பார்க் ஸ்டேஷன்லேருந்து தாம்பரம் வரைக்கும் முப்பத்தோரு வருஷம் யூனிட் ட்ரெயின்ல நின்னுக்கிட்டே வந்தவன் நான். நிக்கறதுக்கு எனக்கு ஒரு கிளாஸா?" என்றார்.

ஆனாலும் வந்தார். நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம், எட்டில் ஆறு பேர் டீச்சர்கள். ஓய்வு பெற்ற டீச்சர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைவிட யானையைக் கால் மடக்கச் சொல்வது சுலபம். அவள் ஒரு அசைவு செய்து காட்டினால், நாங்கள் பக்கத்திலிருப்பவரைத் திருத்த ஆரம்பித்துவிடுவோம். எங்கள் சபையிலிருந்து ஒரு அம்மா வந்து, இந்தச் சீனத்து மூச்செல்லாம் நமக்கு அனுமதிக்கப்பட்டதுதானா என்று கேட்டுவிட்டுப் போனார். "மூச்சு யாரு குடுத்தது? நம்ம ஆண்டவர்தானே. அத ஒழுங்கா விடுறதுக்குத்தான் கத்துக்கறோம்" என்றார் என் கணவர். அடுத்த வாரம் அந்த அம்மாவும் முழங்கால் வலியோடு வந்து எங்கள் வரிசையில் நின்றார்.

பூங்காவைப் பெருக்குகிறவர் தினமும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்ப்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டார். "இன்னா சார், காலங்காத்தால எல்லாரும் காத்தப் புடிச்சிகினு கீறீங்க. எதுனா மாட்டிச்சா?"

"இன்னும் மாட்டலப்பா. மாட்டினா உனக்குப் பாதி" என்றார் என் கணவர். அவர் மாதக்கணக்காக வெளியாள் யாரோடும் கேலி பேசியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மரத்தைக் கட்டிப்பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

வாரத்துக்கு ஒருநாள் பயிற்சி முடிந்ததும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவாள். இதுதான் கோச்சிங். ஒரு வட்டம் வரைந்து எட்டாகப் பிரிப்பாள். உடம்பு, தூக்கம், சாப்பாடு, வேலை, வீட்டு மனிதர்கள், நண்பர்கள், நம்பிக்கை, சந்தோஷம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

"பாஸ் மார்க் எவ்வளவும்மா?" என்று கேட்டார் இவர்.

"பாஸ் ஃபெயில் எதுவும் கிடையாது சார். சக்கரத்துல ஒரு பக்கம் சப்பையா இருந்தா வண்டி ஓடாது, அவ்வளவுதான். இதயத்த டாக்டர் பாத்துக்கறார். அவர் குடுத்த மாத்திரைய ஒரு வேளைகூட விடாதீங்க. மிச்ச ஏழு பக்கத்தையும் நாம பாக்கலாம்" என்றாள். வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லத் திணறியவள் பேசிய பேச்சு இது.

ஆளுக்கொரு நோட்டும் கொடுத்தாள். தினம் எப்படித் தூங்கினோம், எதற்குப் பயந்தோம், எது பிடித்தது என்று எழுதவேண்டும். இவர் நோட்டைத் திறக்கவே இல்லை. "எழுத ஒண்ணுமில்ல" என்றார். வாரக் கடைசி வந்தது, நோட்டு வெள்ளையாகவே கிடந்தது.

இங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று தெரிந்தால் முந்தின சாயங்காலம் உட்கார்ந்து மூன்று மாதப் பாடக் குறிப்பையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவோம். எழுதாத பக்கம் என்ற ஒன்றை அதிகாரி பார்க்கவே கூடாது. நடத்தினோமா இல்லையா என்பது அப்புறம். அதே கையோடு என் கணவரின் நோட்டையும் நான் எழுதினேன். தூக்கம் ஏழு, சாப்பாடு ஏழு, சந்தோஷம் ஏழு. எட்டு போட்டால் நம்பமாட்டாள், ஆறு போட்டால் கேள்வி கேட்பாள். ஏழுதான் இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தோதான எண். இப்படி ஆறு வாரம் ஓடியது.

ஆறாவது வாரம் பெஞ்சில் அவள் இவருடைய நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். "பாட்டுல இப்போ விருப்பம் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே சார். எப்போலேருந்து?" என்று கேட்டாள்.

இவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன்.

"இது சார் எழுதினது இல்ல" என்றாள் அவள். "இந்த ஏழப் பாருங்க, நடுவுல ஒரு கோடு. இப்படி ஏழு போடறவங்க எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். என் ரேங்க் கார்டு முழுக்க இந்த ஏழுதான் மிஸ். நூத்துக்கு ஏழு."

நான் நோட்டை வாங்கக் கை நீட்டினேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார். "நான் எழுதலம்மா. ஆனா அவ எழுதினா சரியாத்தான் இருக்கும். எனக்கு என்ன புடிக்கும், எது புடிக்காதுங்கறதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்." வழக்கமான கேலிக் குரல்தான். ஆனால் சொல்லிவிட்டு எழுந்து, எனக்காகக் காத்திருக்காமல் நடந்துவிட்டார். நாற்பது வருஷத்தில் அவர் என்னை விட்டுவிட்டு நடந்தது அன்றைக்குத்தான்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அவள் திட்டவில்லை. என்னுடைய நோட்டைக் கேட்டாள். அதில் ஒவ்வொரு நாளும் 'நலம்' என்று ஒரே சொல்தான் இருந்தது. புதிய பக்கத்தில் 'மிஸ், உங்களுக்கு எது பயம்?' என்று எழுதி, "வீட்டுப்பாடம்" என்று சொல்லிக் கையில் கொடுத்தாள்.

மூன்று நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்க வைத்த பிள்ளைகள் எல்லாரும் நினைவுக்கு வந்தார்கள். எழுதத் தெரியாமல் சும்மா வந்தவர்கள் எல்லாருமே சோம்பேறிகள் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலாம் நாள் எழுதினேன்.

அந்த டிசம்பர் சாயங்காலம் இவர் வாசல் அறையில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின கடைசி அரையாண்டு அது, சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார், எனக்கு எரிச்சல். "கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று கத்தினேன். சட்டென்று பாட்டு நின்றது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அப்பாடா என்று நினைத்துக்கொண்டே நாலு தாள் திருத்தினேன். ஒரு தாளுக்கு இரண்டரை நிமிஷம். அப்புறம்தான் எழுந்து போய்ப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது, குரல் வரவில்லை.

அதற்கப்புறம் மூன்றாவது மாதப் பரிசோதனையில், இவர் திரைக்குப் பின்னால் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, "பாடுவாராமே, தாராளமாப் பாடட்டும்மா" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். வெளியே வந்ததும் இவர் அதைத்தான் கேட்டார். "கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னார்" என்றேன். பாட்டுக்குப் பயந்தவர் இவர் இல்லை, நான். அவர் பாட ஆரம்பித்தால் அது நிற்கும், நின்றால் நான் என்ன செய்வேன்? இவ்வளவையும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

நோட்டை அவளிடம் கொடுக்கவில்லை. காலைக் காப்பியோடு இவரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். காப்பி ஆறிப்போனது.

"பத்து நிமிஷமா? தப்பு" என்றார். "ரெண்டு நிமிஷம்தான் இருக்கும். நான் சுவர்க் கடிகாரத்தப் பாத்துக்கிட்டுத்தானே கெடந்தேன். கணக்கு டீச்சர், ஒரு கூட்டல் சரியா போடத் தெரியல."

நாலு தாள் எத்தனை நிமிஷம் என்று எனக்குத் தெரியாதா? அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் இன்னொரு கையால் போனை எடுத்துக் குழுத் தலைவரைக் கூப்பிட்டார்.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சர்ச்சில் அன்றைக்குக் காணிக்கைக் கரும்பும் வாழைத்தாருமாகப் படிக்கட்டு நிறைந்துவிடும். ஆராதனை முடிந்ததும் அதற்கெல்லாம் ஏலம் உண்டு. கீழ்க்கட்டளை மார்க்கெட்டில் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிற பூசணிக்காயை இங்கே ஐந்து மடங்கு விலைக்கு எடுத்துச் சந்தோஷமாக வீட்டுக்குத் தூக்கிப் போவோம். அதற்கு முன்னால் கடைசிப் பாட்டின் முடிவில் ஒரு பெரிய ஆமென். மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோக, பேஸ் குரல் மட்டும் தனியாக இழுத்து முடிக்கவேண்டும். அதை இந்த வருஷம் இவருக்கே கொடுத்திருந்தார்கள்.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சோப்ரானோ ஓய்ந்தது, ஆல்ட்டோ ஓய்ந்தது, டெனர் ஓய்ந்தது. இவர் குரல் மட்டும் மிஞ்சியது. பூங்காவில் நிற்கிற மாதிரியே முழங்கால் லேசாக மடங்கி, தோள் தளர்ந்து, அவசரமே இல்லாமல் இழுத்தார். பழைய பலம் இல்லை, ஆனால் அவர் குரல்தான். அப்புறம் அது நின்றது.

அந்த அமைதியில் நான் எழுந்துவிட்டேன். கால் தானாக எழுந்தது. என்னைப் பார்த்து, ஆசீர்வாத ஜெபம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்திலிருந்தவர் எழுந்தார். டீச்சர் எழுந்தால் காரணம் இருக்கும் என்று பின்வரிசை எழுந்தது. சர்ச் முழுக்க எழுந்து நின்றது. பாஸ்டர் ஒன்றும் புரியாமல் ஆராதனை நிகழ்ச்சித் தாளைப் புரட்டினார்.

குழுவிலிருந்து இவர் என்னைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்க்கத் திருப்பி, நெஞ்சிலிருந்து இடுப்பு வரை மெதுவாக இறக்கினார். சபை அதை உட்காரச் சொல்வதாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அது மூச்சை விடச் சொல்லும் அசைவு என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கும் அந்த முழங்கால் வலி அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். விட்டேன். விட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு இவர் கேட்டார். "மூச்ச எவ்வளவு நேரம் புடிச்சிக்கிட்டு இருந்தே?"

"ரெண்டு நிமிஷம்தான்" என்றேன்.

ரெண்டு நிமிஷம் என்றால் எங்கள் வீட்டில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். பூசணிக்காயைத் தட்டிக்கொண்டே, வீடு வரும்வரை அடித்தொண்டையில் ஏதோ பாடிக்கொண்டு வந்தார். நான் நிறுத்தச் சொல்லவில்லை.