முப்பது போதும்

சென்ற சனிக்கிழமை காலை ஒரு தாளை நான்காக மடித்து, கவரில் போட்டு, புனேயில் கசார்வாடியிலுள்ள பட்டறைக்கு எடுத்துப் போனேன். என் பழைய காரின் கிராங்க் ஷாஃப்ட் அளவுகள். பால் பாக்கெட் வந்த நேரத்தைக்கூட டைரியில் எழுதுகிறவன் நான். இதை விடுவேனா? ஒவ்வோர் இடத்தையும் மூன்று தடவை அளந்து, சராசரி போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தேன்.

கிராங்க் ஷாஃப்ட் என்பது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. தேய்ந்தால் சீராகும்வரை கிரைண்ட் செய்வார்கள்; மெலிந்ததற்கு ஏற்றபடி தடித்த பேரிங் போடுவார்கள். பத்து, இருபது, முப்பது, நாற்பது — இஞ்ச்சில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. நாற்பதுக்கு மேல் பேரிங் கிடையாது. அப்புறம் தேய்ந்தால் தண்டு காயலான் கடைக்குத்தான். வேறு தண்டு? இரண்டு வருடமாகத் தேடியும் கிடைக்கவில்லை.

என் தண்டு ஏற்கெனவே இருபதில் இருந்தது. தேய்மானம் அதிகம், முப்பது போதாது, நேராக நாற்பது என்று என் கணக்கு சொன்னது. தண்டைப் பட்டறைக்கு அனுப்பியபோது போனிலேயே சொல்லிவிட்டேன்.

பட்டறையை நடத்தும் செல்வி, பக்கத்துக் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; பேச்சில் இந்தியும் மராத்தியும் கலக்கும். தாளைப் பார்த்தார்.

"அரே சார், ஏக்தம் எக்ஸாம் பேப்பர் மாதிரி இருக்கே!"

பாராட்டிவிட்டு, குடித்துக்கொண்டிருந்த சாய் கிளாஸை அதன் மேலேயே வைத்தார். பிறகு தண்டைத் தன் மைக்ரோமீட்டரால் முதலிலிருந்து அளந்தார்.

"முப்பதே போதும் சார்."

"இல்லம்மா, நான் மூணு தடவை அளந்தேன்..."

"முப்பது தடவை அளங்க. உங்க மீட்டரைத் தாங்க, இக்கடே."

பையிலிருந்து எடுத்துப் பெட்டியோடு கொடுத்தேன். உள்ளே சரியாக ஓர் இஞ்ச் நீளத்தில் ஒரு சின்ன இரும்புத் தண்டு — மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்கு. அழுக்காகக் கூடாதென்று வாங்கிய கவரிலேயே வைத்திருந்தேன்.

"கம்பெனிக்காரன் இதை எதுக்குக் குடுக்கிறான்? ஷோகேஸ்ல வைக்கவா?"

கவரைக் கிழித்து, அதை என் மீட்டரால் அளந்தார். ஓர் இஞ்ச்சுக்கு ஆயிரத்தில் மூன்று குறைவு. அதாவது நான் எழுதிய ஒவ்வோர் எண்ணும், சராசரி உட்பட, அதே மூன்று குறைவு; தண்டு நான் நினைத்த அளவு தேயவே இல்லை. எவ்வளவு ஒழுங்கான தப்பு!

"நான் சொன்னபடியே நாற்பது போட்டிருந்தா?"

"சீவினதைத் திரும்ப ஒட்ட முடியுமா சார்? அதான் யார் எழுதிக் குடுத்தாலும் நான் அளப்பேன். எங்க வீட்டுக்காரர் குடுத்தாக்கூட!"

சொன்னதைச் சொன்னபடி செய்பவர்களைத்தான் நாம் நல்ல வேலைக்காரர்கள் என்கிறோம். அன்று செல்வி அப்படி 'நல்லவராக' இருந்திருந்தால், கடைசி அளவையும் தொலைத்திருப்பேன். இப்போது முப்பதில் எஞ்சின் ஓடப் போகிறது. என்றைக்காவது மறுபடி தேய்ந்தால், நாற்பது பாக்கி இருக்கிறது.

வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்தேன். என் சிவப்பு எண்களுக்குப் பக்கத்தில் பென்சிலில் அவர் கிறுக்கிய அளவுகள். நடுவில் வட்டமாகச் சாய்க் கறை.

கறை பட்டால் உடனே வேறு தாளில் எழுதிவிடும் நான், இதை அப்படியே டைரியில் ஒட்டியிருக்கிறேன்.