ஏழாம் கட்டத்தில் இருந்தது

ஏழாம் கட்டத்தில் ஒன்றுமில்லை என்று அறிக்கையில் எழுதியவள் நான். அது பொய். எழுதும்போதே எனக்குத் தெரியும்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். திருவரங்குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு செம்மண் பொட்டல். பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். அதன் ஓரத்தில் குடிநீர்த் தொட்டி கட்ட ஊராட்சி அனுமதி கேட்டிருந்தது. மண்ணைத் தோண்டாமலே அடியில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்வது என் வேலை. தரையைக் கயிறு கட்டிக் கட்டங்களாகப் பிரித்து, காந்தமானியைச் சுமந்துகொண்டு அரை மீட்டருக்கு ஒரு வரியாக நடப்பேன். சுட்ட மண், கிளறி மூடிய குழி, இரும்பு எல்லாம் அதில் தெரியும். அதனால் நடப்பவர் உடம்பிலும் அருகில் நிற்பவர் உடம்பிலும் இரும்பு இருக்கவே கூடாது.

கயிறு பிடிக்க வந்த செல்வியிடம் முதல் நாளே எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். "தாலியில கெடக்குற ஊக்கக்கூட விடமாட்டீங்களாக்கா? இன்னும் கொஞ்ச நேரம் போனா பல்லையும் கழட்டச் சொல்லுவீங்க போல" என்று சிரித்தாள்.

அப்படிப்பட்ட நான்தான்... மூன்றாம் நாள் இடுப்பில் ஓர் ஆணியோடு நடந்தேன்.

என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். இரண்டு நாளாகக் காய்ச்சல். கணவர் மஸ்கட்டில். காலையில் கிளம்பும்போது மாமியார் அந்த ஆணியை நீட்டினார். "பால் குடுக்குறவ, பொணம் பொதச்ச எடத்துக்கு வெறும் இடுப்போட போகக் கூடாது தாயீ. இதச் சொருகிக்க."

படித்தவள் நான். பேருந்தில் ஏறியதும் எடுத்துப் பையில் போட்டிருக்கலாம். கை இடுப்புவரை போனது. எடுத்த பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்...?

எடுக்கவில்லை. அன்று முழுக்க நடந்தது ஏழாம் கட்டத்தில்.

மாலையில் பதிவுகளைக் கணினியில் பார்த்தேன். கட்டம் முழுக்கக் கீறல்கள். என் ஆணி! ஆனால் நடுவில் ஒரு கரும்புள்ளி இருந்தது. அடுத்தடுத்த நான்கு வரிகளிலும், அதே இடத்தில். என்னோடு நடந்துவந்த இரும்பு என்னோடு நகரும், ஓரிடத்தில் நிற்காது. இந்தப் புள்ளி ஓரிடத்திலேயே நின்றது, அப்படியானால் அது மண்ணுக்குள் இருப்பது. இது எனக்குத் தெரியாததா?

மீண்டும் நடக்க இன்னும் ஒரு நாள் போதும். ஆனால் ஏன் என்று என் மேலதிகாரி, சார், கேட்பார். "கைக்குழந்தைய வச்சுக்கிட்டு ஃபீல்டு வேலை சரிப்படுமாம்மா?" என்று முன்பே ஒருமுறை கேட்டவர். அவரிடம் ஆணியைப் பற்றி எப்படிச் சொல்வேன்?

கீறல்களை நீக்கியபோது அந்தப் புள்ளியையும் சேர்த்து நீக்கினேன்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. "பாத்தியா" என்றார் மாமியார். நான் தலையாட்டினேன்.

சில மாதம் கழித்துச் செல்வி தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, தொட்டிக்குக் குழி தோண்டயில பானை வந்துச்சு. பெருசு ஒண்ணு, அதுக்குள்ள சின்னதா ஒண்ணு. ஜேசிபி வாயில மாட்டி நொறுங்கிப்போச்சு. எலும்பும் கெடந்துச்சு. ஒண்ணுமில்லைன்னு பேப்பர் இருக்குன்னு எல்லாத்தையும் அங்கிட்டு ஓரமாத் தள்ளிட்டாங்க. மெஷினுக்கே தெரியல, நீங்க என்ன செய்வீங்க?"

"ஆமா செல்வி. சில நேரம் தெரியாது" என்றேன். அவள் என்னைத் தேற்றுகிறாள்... நான் தேறுவதுபோல் பேசுகிறேன்.

எலும்பு யாருடையது? கேட்க இப்போது வழியில்லை. அந்தத் தாழியை மூடியவர்களும் யாரையோ நினைத்து அஞ்சித்தானே மூடியிருப்பார்கள்?

இதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. வீடியோ அழைப்பில் குழந்தையைக் காட்டுகிறேன். அவர் சிரிக்கிறார். அழைப்பு முடிந்ததும் வீடு மிகப் பெரியதாகிவிடுகிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

சென்ற வாரம் சாரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தொட்டிக்குக் கிழக்கே அங்கன்வாடி கட்டப் போகிறார்களாம். அது எட்டாம் கட்டம். ஏழில் ஒன்றுமில்லை என்பதால் எட்டில் யாரும் நடந்து பார்க்கவே இல்லை. அதை ஆய்வு செய்யாமலே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார்.

நான்கு நாள் அதைத் திறந்தேன், மூடினேன். ஐந்தாம் நாள், "எட்டாம் கட்டத்தைக் கட்டாயம் ஆய்வு செய்ய வேண்டும்" என்று எழுதி அனுப்பினேன். காரணம் எழுதவில்லை.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "ஏழு சுத்தமாகத்தானே இருந்தது?"

அதற்குத்தான் இன்னும் பதில் எழுதவில்லை.