பிளேஓஃபுக்கு வைத்த நேர்த்தி

பன்னிரண்டு வருடமாக ஐஸ் ஹொக்கி பார்க்கிறேன். ஓஃப்சைட் என்றால் என்னவென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சீசன் தொடங்கும்போது மகள் ஒருமுறை விளக்குவாள். நீலக் கோடு, அதை யார் முதலில் கடக்கலாம், யார் கடக்கக் கூடாது என்று கையால் காற்றில் கீறிக் காட்டுவாள். நான் விளங்கியவன்போலத் தலையாட்டுவேன். அடுத்த நிமிடம் நடுவர் விசில் ஊதுவார். நான் ஏன் என்று கேட்பேன். அவள் பெருமூச்சு விடுவாள்.

இது தொடங்கியது அவளுடைய ஏழு வயதில். பள்ளிக்கூடத்தில் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச ரிக்கெட் கொடுத்தார்கள். கூட ஒரு பெரியவர் வரவேண்டும். மனைவிக்குக் குளிர் ஆகாது. எனக்கும் ஆகாது. ஆனால் நான் சுவிஸில் எங்கள் மலையூரில் பஸ் ஓட்டுகிறவன் என்பதால் குளிருக்குப் பழகியவன் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. பஸ்ஸுக்குள் ஹீற்றர் இருக்கும் விஷயத்தை நான் ஒருநாளும் வெளியே விட்டதில்லை, அதனால் மாட்டுப்பட்டேன்.

அன்றைக்கு அவர்கள் அடித்துத் துரத்தும் அந்தக் கறுப்பு றப்பர் வில்லை என் கண்ணில் படவே இல்லை. மற்றவர்கள் கத்தியபிறகு கத்துவோம் என்று முடிவெடுத்தேன். இரண்டாவது பாதியென்று நான் நினைத்த நேரத்தில் (மூன்று பகுதி என்று பிறகுதான் தெரியும்) தூரத்தில் ஒரு ஆரவாரம் கேட்டது. துள்ளினேன். அது எதிரணியின் கோல். எங்கள் பக்கத்தில் நின்ற அவ்வளவு சனத்திலும் துள்ளியவன் நான் ஒருவன்தான். மகள் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்துவிட்டு, சுற்றி நின்றவர்களிடம் நல்ல சுவிஸ் ஜெர்மனில், அப்பா புதுசு, பழகிவிடுவார் என்று மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த வருடமே ஆளுக்கொரு சீசன் அட்டை எடுத்தோம். நின்று பார்க்கும் பக்கத்தில் ஐந்தாம் படி, ஒரு இரும்புக் கம்பிக்குப் பின்னால். அவளுக்குப் பதினான்கு, பதினைந்து வயதானபோது என்னோடு கடைக்குக்கூட வரமாட்டாள். எதிரே சிநேகிதிகள் வந்தால் பத்தடி தள்ளி, யாரோ ஒரு பஸ் சாரதியோடு தற்செயலாகப் போகிறவள்போல நடப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை அந்தக் கம்பிக்குப் பின்னால் தோளோடு தோள் நிற்பாள். வீட்டில் வாய் திறக்காத கதையெல்லாம் இரண்டு இடைவேளைகளில் வரும். யாரோடு கோபம், எந்தப் பாடத்தில் புள்ளி குறைவு, அம்மாவிடம் எதைச் சொல்லக் கூடாது, எல்லாம். உண்மையைச் சொன்னால் நான் ஹொக்கி பார்க்கப் போனதே இல்லை. இடைவேளை பார்க்கப் போனேன்.

இந்தச் சீசன் தொடங்க முதலே, பள்ளிப் படிப்பு முடிந்ததும் இலையுதிர் காலத்தில் லோசானுக்குப் பொறியியல் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். எங்கள் ஊரிலிருந்து அது நாட்டின் மற்ற மூலை. மூன்று ரயில் மாற வேண்டும். பனி உறைந்த ஜனவரித் தொடக்கத்தில் ஹொக்கிக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அடுத்த வருடமும் உங்கள் இரண்டு அட்டைகளையும் வைத்திருக்கிறீர்களா, கடைசி உள்ளூர் ஆட்டத்துக்குள் அறிவிக்கவும். கீழே சரி போட, அட்டைக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பெட்டிகள். அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டினேன். மகள் தினமும் பாலெடுக்க அதைத் திறந்தாள், மூடினாள். பெட்டிகள் வெறுமையாகவே இருந்தன. எனக்குக் கேட்கப் பயம்.

கேட்காமல் கணக்குப் போட்டேன். அணி பிளேஓஃபுக்கு, அதாவது கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுக்கு, போனால் ஊரே பைத்தியமாகும், அந்தப் பைத்தியம் அவளுக்கும் தொற்றும், வெள்ளிக்கிழமைகளில் ரயிலேறி வருவாள். தோற்கிற அணிக்காக யார் மூன்று ரயில் மாறுவார்கள்? எங்கள் அணியோ தோற்பதை ஒரு தொழிலாகவே செய்துகொண்டிருந்தது. பாதிக்கு மேற்பட்ட அணிகள் பிளேஓஃபுக்குப் போகும் ஒரு லீக்கில் போகாமல் இருப்பதற்குத் தனி முயற்சி வேண்டும். பெரிய எதிர்பார்ப்போடு வெளிநாட்டிலிருந்து வந்த வீரர், கோலைத் தவிர மண்டபத்தின் எல்லாப் பாகத்துக்கும் அடித்தார். ஒரு ஆட்டத்தில் மூன்று கோல் முன்னுக்கு நின்று நான்கு வாங்கினோம். அடுத்த நாள் பஸ்ஸில் ஏறிய ஒவ்வொருவரும் என்னிடம் முறையிட்டார்கள். எங்கள் ஊரில் பனிக்கும் ஹொக்கிக்கும் பஸ் சாரதிதான் பொறுப்பு.

தைப்பொங்கலுக்குக் கோயிலுக்குப் போனபோது நேர்த்தி வைத்தேன். எங்கள் ஆட்கள் இதில் விபரமானவர்கள்: காரியம் ஆகட்டும், பிறகு காவடி எடுக்கிறேன், தேங்காய் உடைக்கிறேன் என்று நேருவார்கள். எனக்கு அவசரம். எங்கள் அணிப் பெடியள் பிளேஓஃபுக்குப் போகும்வரை மச்ச மாமிசம் தொடமாட்டேன் என்று முருகனிடம் சொல்லிவிட்டு வந்தேன். போகாவிட்டால் என்ன என்று நான் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை.

இரகசியம் ஒரு கிழமைகூடத் தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனைவி நண்டுக் கறி வைத்திருந்தாள். நான் பருப்பை மட்டும் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு என்ன விரதம் என்று அவள் விசாரிக்க, சொல்ல வேண்டியதாயிற்று. அகப்பையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளையின்ர சோதினைக்கு ஒரு தேங்காய் உடைக்கேல்லை நீங்கள். ஐஸில சறுக்கி விழுறவங்களுக்கோ நேர்த்தி?"

"முருகனுக்குப் பிளேஓஃப் எண்டால் என்னெண்டு விளங்கப்படுத்தினனீங்களோ அப்பா?" என்றாள் மகள். "உங்களுக்கே வடிவாத் தெரியாதே."

இரண்டு பேரும் என் முன்னால் நண்டை உடைத்து உறிஞ்சினார்கள். உண்மையான காரணத்தை நான் சொல்லவில்லை.

மண்டபத்தில் இடைவேளைக்கு எல்லோரும் வுர்ஸ்ட் என்ற இறைச்சிச் சொசேஜ் வாங்க, நான் பாணில் கடுகு பூசிச் சாப்பிட்டேன். கடைக்காரப் பெண்மணி எனக்கு ஏதோ வருத்தம், டொக்டர் சொல்லித்தான் இப்படி என்று முடிவுகட்டி, இரங்கிய முகத்தோடு ஊறுகாய் வெள்ளரி இரண்டு கூடுதலாக வைத்தார். நானும் மெதுவாக இருமிக் காட்டினேன்.

மாசியில் ஒரு பின்னேரம், வெளியூர் ஆட்டத்தன்று எனக்கு வேலை. பின்சீற்றில் கைபேசியோடு இருந்தவர், முடிந்தது, இனிப் பிளேஓஃபுக்கு வழியே இல்லை என்று அறிவித்தார். பஸ் முழுவதும் பெருமூச்சு விட்டது. நான் ஒரு தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை.

அப்போதுதான் என் நேர்த்திக்கு முடிவே இல்லை என்பது உறைத்தது. கோயில் ஐயருக்கு ரெலிபோன் எடுத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டவர், எந்த அணி என்று விசாரித்தார். சொன்னேன். அவர் பல கிண்ணங்கள் எடுத்த ஒரு நகரத்து அணியின் ஆள் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

"தம்பி, அந்த அணியெண்டால் நீங்கள் சைவமாவே இருக்கிறதுதான் உடம்புக்கும் நல்லது," என்றார். பிறகு மனமிரங்கி, சீசன் முடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அர்ச்சனை செய்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

கடைசி உள்ளூர் ஆட்டத்துக்குப் பாதிச் சனம்கூட இல்லை. கடிதத்தை மடித்து ஜாக்கெட் பைக்குள் வைத்திருந்தேன், பேனாவும். முதல் இடைவேளையில் எடுக்கவில்லை. இரண்டாவது இடைவேளையில், ஐஸைத் துப்புரவாக்கும் வண்டி சுற்றத் தொடங்கியபோது எடுத்தேன்.

"பிள்ளை, இண்டைக்குக் கடைசி நாள்."

அவள் கடிதத்தைப் பார்க்காமல் வண்டியையே பார்த்தாள். "எனக்கு வேண்டாம் அப்பா."

நான் உடனே அணிக்காக வாதாடத் தொடங்கினேன். அடுத்த வருடம் புதுக் கோல்காப்பாளர் வருகிறாராம், பயிற்சியாளரை மாற்றுகிறார்களாம், வெளிநாட்டுக்காரருக்குக் கண் பரிசோதனை செய்கிறார்களாம். கடைசியானது என் சொந்தக் கற்பனை.

"அவங்கள் கப் எடுத்திருந்தாலும் நான் போகத்தான் போறன். தோத்ததால இல்லை."

"அப்ப நான் ரெண்டு மாசம் கத்தரிக்காய் திண்டது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஓஃப்சைட்டை எனக்கு விளக்கப் பன்னிரண்டு வருடம் காணவில்லை. இதை விளங்க அவளுக்கு இரண்டு வினாடி போதுமாக இருந்தது.

"இதுக்கோ நேர்ந்தனீங்கள்?"

இப்போது நான் வண்டியைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். குளிருக்கு எல்லோருக்கும் மூக்கு ஓடும்தான்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே அப்பா."

"முருகனிட்டைக் கேக்கிறது லேசு."

மூன்றாவது பகுதியில் இன்னும் இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வழமைபோல எங்கள் பக்கத்துக்கு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, தலை குனிந்து வரிசையாக நின்றார்கள். குளிர்காலம் முழுவதும் அவர்களைத் திட்டித் தீர்த்த சனம் பாட்டெடுத்தது. அந்த வெளிநாட்டுக்காரருக்குக்கூடத் தனியாக ஒரு பாட்டு. மகளும் பாடினாள். எனக்குச் சொற்கள் பாதிதான் தெரியும். மீதியை உரத்த குரலால் சமாளித்தேன்.

பிறகு அவள் கடிதத்தை வாங்கி, என் முதுகில் வைத்து ஒரு பெட்டிக்கு மட்டும் சரி போட்டாள். வரும்போது நாள் ரிக்கெட் எடுத்துக்கொள்வாளாம். நத்தார் லீவுக்கு வருவாள், சோதனை முடிந்தால் வருவாள், மற்றபடி சொல்ல முடியாதாம்.

"ஆனா என்ர இடத்தை ஒருத்தருக்கும் விடாதேங்கோ."

நின்று பார்க்கும் பக்கத்தில் யாருக்கும் இடம் எழுதிக் கொடுப்பதில்லை, எப்படிப் பிடித்து வைப்பது என்று கேட்டேன்.

"அகலமா நில்லுங்கோ."

காலை அகட்டி, முழங்கைகளை வெளியே தள்ளி, கம்பியோடு நின்று காட்டினேன். வெளியேற வந்த ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அவள் ஒரு படி கீழே இறங்கி நின்று அளவு பார்த்தாள்.

"காணாது அப்பா. இன்னும் கொஞ்சம்."