ஆறு வயது வரை தாங்கும்

“இது ஒரே கொழுப்பு. வேற எடு” என்று கையிலிருந்த பன்றி இதயத்தைத் தட்டில் திரும்பப் போடுகிறார் டாக்டர் நாம்குங் யொன்சில்.

“கொழுப்பு இருந்தாத்தானே டாக்டரம்மா சூப்பு ருசி?” என்கிறாள் கடைக்காரி ஒக்புன். பூசான் சந்தைக்குப் பின்னால், பன்றி எலும்புச் சாற்றில் சோறு போட்டு விற்கும் சந்தில் அவளுடையது மூலைக் கடை.

“நான் என்ன திங்கவா வாங்கறேன்?”

“முப்பது வருசமா வாங்கறீங்க. ஒருநாள் தின்னுதான் பாருங்களேன். கோவமாவது குறையும்.”

டாக்டர் இன்னொரு இதயத்தை எடுத்து, உள்ளே பெருவிரலை விட்டுச் சுவரை அழுத்திப் பார்க்கிறார். பிடித்திருந்தால் அது பைக்குள் போகும். பிறகு நின்றபடியே ஒரு கிண்ணம் சாற்றுச் சோறு, அதன்மேல் உப்பில் ஊறிய பொடி இறால் கொஞ்சம். சாறு சூடாக இல்லை என்று திட்டிவிட்டுத்தான் கிளம்புவார். வாயைச் சுட்டுக்கொண்ட நாளிலும் அதே திட்டுதான்.

சில குழந்தைகள் இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதை இல்லாமலே பிறக்கின்றன. அந்தப் பாதையை, உள்ளே ஒரு வால்வுடன், கையால் தைத்து வைப்பதுதான் டாக்டரின் வேலை. தைத்ததை முதலில் பன்றி இதயத்தில் பொருத்தித் தண்ணீர் பாய்ச்சிப் பார்ப்பார். பெரியவர்களுக்கான வால்வுகளைக் கம்பெனிகள் விதவிதமாகச் செய்கின்றன. கைக்குழந்தையின் அளவுக்குச் செய்வதில்லை. வாங்குகிறவர்கள் குறைவாம். “செருப்புக் கடைக்காரன்கூடக் கொழந்தைங்க சைஸ் வெச்சிருக்கான்” என்பார் கம்பெனி ஆட்களிடம். அவர்கள் சிரித்து மழுப்புவார்கள். அப்படிச் சிரித்த ஒருவர் கொடுத்த விளம்பரப் பேனாவை அவர் கண்ணெதிரிலேயே இரண்டாக முறித்துப் போட்டிருக்கிறார்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு இடிக்கும்படி குனிந்து, மெல்லிய வெள்ளைச் சவ்வைத் தைக்கிற நேரத்தில் மட்டும் அவர் யாரையும் திட்டுவதில்லை. தையல் முடிந்ததும் சேர்த்து வைத்துத் திட்டுவார். நர்ஸ்கள் அவருடைய ரப்பர் செருப்பின் ஓசையை வைத்தே, “இன்னிக்கு மழை இருக்கு, ஒதுங்கு” என்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள்.

ஒருமுறை வார்டில் ஒரு மாமியார், “இவ மாசமா இருக்கறப்ப நண்டு தின்னா. வேண்டாம்னேன், கேக்கல. அதான் புள்ளைக்கு இப்படி” என்று மருமகளைச் சாடிக்கொண்டிருந்தாள். டாக்டர் வாசலிலேயே நின்றார்.

“நண்டு தின்னா புள்ள கடிக்கும்னுதானே பெரியவங்க சொல்லுவாங்க? இதயத்துல ஓட்டை போடும்னு எந்த ஊர்ல சொன்னாங்க? சரி, உங்க மகன் என்ன தின்னான்? அதையும் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

பிள்ளை பெற்றதிலிருந்து அழுதுகொண்டே இருந்த மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

குழந்தை வளரும், வால்வு வளராது. ஒருநாள் அது இறுகிப்போகும். அதற்கு முன் பெரிதாக ஒன்றைத் தைத்து மாற்ற வேண்டும். எப்போது மாற்றுவது என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. தீவுகளிலும் கடலோரத்திலும் இருப்பவர்கள் ஒருமுறை போனால் திரும்பி வருவதில்லை. அதனால் உதவி மருத்துவர் சே தொங்யுல் அந்த வீடுகளுக்கெல்லாம் ஃபோன் செய்து, எத்தனை வயதில் மூச்சு வாங்க ஆரம்பித்தது என்று கேட்டார். தாய்மார்கள் சொன்னார்கள். அவற்றையெல்லாம் சேர்த்து டாக்டர் எழுதிய கட்டுரையின் முடிவு, வால்வு ஆறு வயது வரை தாங்கும் என்பது. மற்ற மருத்துவமனைகளும் அதையே பிடித்துக்கொண்டன. சியோலில் விருது என்று அறிவித்தார்கள்.

போன இலையுதிர் காலத்தில், தொங்யங் துறைமுகத்தில் சிப்பி உடைக்கும் ஒருத்தி, முன்பு வால்வு வைத்திருந்த தன் மகள் ஹாராமைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

“எத்தனை நாளா இப்படி?” டாக்டரின் குரல் ஏறிவிட்டது.

“போன வருசத்துல இருந்து டாக்டரம்மா. எங்க ஊரு டாக்டர்கிட்ட காட்டினேன். ஆறு வயசு வரைக்கும் தாங்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்களாம். இவளுக்கு இன்னும் நேரம் வரலன்னு அனுப்பிட்டாரு.”

“சரிதானே? இவளுக்கு நாலுதானே ஆகுது?”

“அது ஆஸ்பத்திரி வயசு. வீட்டுல ஆறு. டிசம்பர் கடைசியில பொறந்தா. பொறந்ததுமே ஒண்ணு, அந்த வாரமே புது வருசம் வந்து இன்னொண்ணு ஏறிடுச்சு, ரெண்டு. பல்லு மொளைக்காத ரெண்டு வயசுக் கெழவின்னு எங்க மாமனார் கேலி பண்ணுவாரு.”

டாக்டர் விரல்விட்டு ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றிருந்த சே தொங்யுலிடம் திரும்பினார்.

“ஃபோன்ல கேட்டியே, எந்த வயசுன்னு கேட்டியா?”

“எத்தனை வயசுன்னு கேட்டேன், டாக்டர்.”

“எந்த வயசு?”

“ஆஸ்பத்திரியில இருந்து கேட்டா ஆஸ்பத்திரி வயசுதான் சொல்லுவாங்கன்னு...”

“உங்கம்மாகிட்ட உன் வயசக் கேட்டா என்ன சொல்லுவாங்க?”

“முப்பத்தி நாலு.”

“உனக்கு என்ன வயசு?”

“முப்பத்தி ரெண்டு.”

மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் இதயம் பறந்து சுவரில் மோதியது. “இந்த நாட்டுல எல்லாத் தாயும் அப்படித்தான்டா சொல்லுவா! எங்கம்மாவும் சாகற வரைக்கும் அப்படித்தான் சொன்னா! அவங்க சொன்ன ஆறு, ஆஸ்பத்திரிக் கணக்குல நாலோ அஞ்சோதான்! நீ கேக்கல, சரி. நீ குடுத்த கணக்கப் படிச்சு என் பேரப் போட்டேனே, என் புத்தி எங்க மேயப் போச்சு?”

எல்லோரும் ஒடுங்கி நின்றார்கள். ஹாராம் மட்டும் பயப்படவில்லை. உருண்டுபோன இதயத்தை எடுத்துவர அவள் தானே நடந்தாள். பாதி வழியில் கால் நகரவில்லை. அப்படியே குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். டாக்டர் போய் அவளை வாரி எடுத்தார். அதன்பிறகு அவர் கத்தவில்லை. அந்த வாரமே பெரிய வால்வு ஒன்று தைத்து ஹாராமுக்கு வைத்தார். அவள் பிழைத்துக்கொண்டாள்.

மற்றக் குழந்தைகள்? அதைக் கேட்கத்தான் துறைத் தலைவர் பாங்கின் அறைக்குப் போனார். பாங் அவருக்குக் கல்லூரியில் இளையவர். தேநீர் வரவழைத்தார்.

“மேடம், கோவப்படாம கேளுங்க. நீங்க ரிட்டயர் ஆகப்போறீங்க. விருத வாங்கிக்குங்க. அடுத்த வருசம் சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். யாருக்கும் தெரியாது.”

“அடுத்த வருசம் வரைக்கும் அந்தக் கொழந்தைங்க மூச்சப் புடிச்சுக்கிட்டு இருக்கணுமா?”

“அப்படிச் சொல்லல. நம்ம மருத்துவமனை பேரு...”

“பேரா? ஒன்னோட மூக்கையும் வாயையும் பொத்திக்கிட்டு மாடிப்படி ஏறி வா. மேல வந்து பேரப் பத்திப் பேசு.”

தேநீரை அவர் தொடவில்லை. விருது வேண்டாம் என்று சியோலுக்குச் சொன்னார். கட்டுரையில் இருப்பது தவறு என்று பத்திரிகைக்கு எழுதினார். கட்டுரையை நம்பியிருந்த மருத்துவமனைகளை, பத்திரிகையின் பதில் வருவதற்குள் தானே ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னார். முப்பது வருட உழைப்பு ஒரு வாரத்தில் சந்தேகத்துக்குரிய சரக்காகிவிட்டது. சிரித்தவர்களும் உண்டு. கொரியாக்காரிக்குத் தன் ஊர்க் கணக்கே தெரியவில்லையாம். பாங் இப்போதெல்லாம் லிஃப்டில் அவரைக் கண்டால் கைப்பேசியை எடுத்துக்கொள்கிறார்.

அடுத்தது வீடுகள். சே தொங்யுலிடம், “வயசக் கேக்காதே. பொறந்தது எந்த மிருகத்து வருசம், எந்த மாசம்னு கேளு. வருசத்துக்கு ஒரு மிருகம், அது மாறாது. குதிரை வருசத்துப் புள்ளைய ஆட்டு வருசம்னு எந்தத் தாயும் சொல்ல மாட்டா” என்றார். பாதி வீடுகளைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டார்.

“நீங்க எதுக்கு டாக்டர்? ஆபீஸ்ல பேசச் சொல்லலாமே” என்றார் சே.

“ஆபீஸா வால்வு தைச்சுது?”

சிலர் நன்றி சொன்னார்கள். அது அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. “நன்றிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நாளைக்கே பஸ் ஏறு” என்று கடுகடுத்தார். ஒருத்தி, தான் முன்பே வராதது தப்பு என்று அழுதாள். “நீ எதுக்கும்மா அழுவற? அழ வேண்டியவ நான்” என்று அவளையும் அதட்டினார்.

நம்ஹே தீவில் கருவாடு விற்பவள் ஒருத்தி அழவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. விஷயத்தைக் கேட்டு முடித்ததும் அவள் போட்ட சத்தம், பக்கத்து மேசையில் இருந்த சே தொங்யுலுக்கும் கேட்டது.

“இப்ப சொல்றீங்களா? எம்மவன் பாலர் பள்ளியில ஓட மாட்டேங்கறான், சோம்பேறின்னு அவங்கப்பா பெரம்பால அடிச்சாரு! நானும் அடிச்சேன்! டாக்டரே நல்லாருக்கான்னு சொல்றாரு, இவன் நடிக்கறான்னு நெனச்சு அடிச்சேன்! படிச்சவங்கதானே நீங்க? கேட்டீங்களா, எந்த வயசுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

சே தன் ஃபோனை வைத்துவிட்டு டாக்டரைப் பார்த்தார். இவ்வளவு பேச்சை அவரிடம் யாரும் பேசி முடித்ததில்லை. டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். கழற்றிப் போட்டிருந்த ரப்பர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டின் பொத்தானைப் போட்டார். தீவு இருக்கும் திசையில் ஜன்னலைப் பார்த்து நின்று, ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி, இடுப்பு மடியக் குனிந்தார். அந்தப் பக்கத்துக் குரல் திட்டி ஓயும்வரை நிமிரவில்லை.