அர்ச்சுனா, மரி, சூசை

பங்குனி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டைப் பள்ளிக்கூடங்களுக்கு என் கம்பங்கள் தேவைப்படும். என் கம்பங்கள் என்றால் மின்கம்பங்கள், நான் வயர்மேன். திருச்சுழி ரோட்டில் என் பொறுப்பில் இருக்கும் கம்பங்களில் பாதிக்கு மேல் சிரிக்கும் பிள்ளைகளின் படம் போட்ட தட்டி தொங்கும். 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று எழுதியிருக்கும். கம்பத்தில் கட்டாதீர்கள், ஷாக் அடித்துச் சாவீர்கள் என்று திட்டிக்கொண்டே அவிழ்ப்பேன். மறுவாரம் திரும்பவும் கட்டியிருப்பார்கள். என் மகளுக்கு ஒன்றாம் வகுப்பு தேட வேண்டிய வருடத்தில் மட்டும், அவிழ்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தட்டியையும் நின்று படித்தேன்.

படித்து ஒன்றும் விளங்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் சிரித்தன. கடைசியில் எங்கள் பள்ளிக்கூடத்தைத் தீர்மானித்தது ஒரு கோடை இடி.

வயர்மேன் வீட்டில் இடி இடிக்கும்போது வயர்மேன் இருக்க மாட்டான். எங்களுடையது மானாவாரி பூமி. மேகம் கறுத்தால் ஊரே வாசலுக்கு வந்து முகம் மலர்ந்து நிற்கும். நான் மட்டும் ஊரின் சந்தோஷத்தைச் சபித்துக்கொண்டு பைக்கை உதைப்பேன். எங்கேயாவது மரம் விழும், கம்பி அறும், நான் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அந்த ஒரு தடவை கால் சுளுக்கி லீவில் கட்டிலில் கிடந்தேன்.

அக்கா வந்திருந்தாள். அக்காவுக்கு அடுத்த தெருவில் வீடு. மகன்கள் திருப்பூரில் இருப்பதால் கையில் மிச்சமிருக்கும் அதிகாரத்தை எல்லாம் எங்கள் மேல்தான் காட்டுவாள். ஊரார் காட்டில் களை எடுத்து என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவள். அந்த உரிமையில், உள்ளே நுழைந்ததும் எங்கள் அடுப்பில் கொதிப்பது என்னவென்று மூடியைத் திறந்து பார்ப்பாள். என் மனைவி அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. என் மகளுக்கோ அத்தை என்றால் உயிர்.

அன்றைக்கு வீட்டுக்கு மேலேயே விழுந்ததுபோல் இடி இடித்தது. எங்கள் பக்கத்தில் இடி இடித்தால் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்வது வழக்கம். அக்கா சொன்னாள். மகள் பாய்ந்து வந்து அத்தை மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினாள்.

"அர்ச்சுனா, மரி, சூசை! அர்ச்சுனா, மரி, சூசை!"

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "கேட்டியாலே? எங்க ஆத்தா மாரியாத்தாளையும் சேத்துல்ல கூப்பிடுது!"

"மாரி இல்லத்த, மரி" என்று மடிக்குள் இருந்தபடியே திருத்தினாள் மகள். "மரி, சூசை. அம்மா சாமி. அப்பா கம்பத்துல நிக்கையில இடி இடிச்சா அம்மா அவுகளத்தான் கூப்பிடும்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோயிற்று.

என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். 'இயேசு மரி சூசை' என்பது பயம் வந்தால் அவர்கள் வாயில் தானாக வரும் வார்த்தை. மரி என்றால் இயேசுவின் அம்மா மாதா, சூசை என்றால் அவரை வளர்த்த சூசையப்பர். நாங்கள் விரும்பிக் கல்யாணம் செய்தபோது இரண்டு பக்கத்திலும் ஆட்கள் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். முன்னால் வந்து நின்றது அக்காதான். தன் பட்டுச்சேலையை அவளுக்குக் கட்டிவிட்டு, கன்னத்தை வழித்து, ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்க வீட்டுக்குள்ள எங்க சாமி மட்டுந்தான்த்தா. அத மட்டும் எனக்காகச் செய்யி." இவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலைக்குப் பங்கம் வராமல் இத்தனை வருடமும் நடந்துகொண்டாள். குலசாமி கோயிலில் பொங்கல் பொங்குவதில் அக்காவையே மிஞ்சினாள். கிறிஸ்துமஸ் வந்தால் நான் பேக்கரியில் ஒரு பிளம் கேக் வாங்கி வருவேன். அவள் அதை எங்களுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் துலக்கப் போய்விடுவாள். அந்த விஷயம் அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

என் மகள் இயேசுவை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அர்ச்சுனனை உட்கார வைத்திருந்ததை நினைத்து, சுளுக்கிய கால் வலிக்கும் அளவுக்குச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. நான் மழையில் கம்பத்தின் மேல் நின்ற சாயங்காலங்களில் எல்லாம் இவள் எனக்காக இதைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. "இந்தா பாருலே, பிள்ளைய அந்த டிரஸ்ட்டுக்காரவுக பள்ளிக்கூடத்துல சேத்துரு. நாலு சுலோகம் சொல்லிக் குடுப்பாக. அது மனசுல ஒரே சாமி நிக்கும்" என்றாள்.

யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "மதினி சொல்றதுதான் சரி."

அடுத்த வாரம் நாங்கள் மூன்று பேரும் மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல பள்ளிக்கூடம்தான். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். பெரிய மைதானம், வாசலில் சரஸ்வதி, வராந்தாவில் வரிசையாகக் கழற்றி வைத்த குட்டிக் குட்டிச் செருப்புகள். பிள்ளைகள் கைகூப்பிப் பாடியதைக் கேட்டு அக்காவுக்குக் கண் கலங்கியது. தலைமையாசிரியை அன்பான அம்மாள். என் மகளைப் பக்கத்தில் நிறுத்தித் தோளில் கை போட்டுக் கேட்டார்.

"பாப்பாவுக்கு எந்தச் சாமி ரொம்பப் பிடிக்கும்?"

என் மகள் வாய் மூடாதவள். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் உங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்று விசாரிப்பவள். அவள் அம்மா முகத்தைப் பார்த்தாள். பிறகு அத்தை முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மிஸ்" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். என் மனைவி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அக்கா பாலவனத்தத்தில் ஒரு விசேஷ வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். நாங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் மகளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்துவிட்டு நின்றோம்.

"பிள்ளைட்ட என்ன சொல்லி வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"மரி, சூசைன்னு வெளிய எங்கயும் சொல்லாதன்னேன். அத்த முன்னாடி சொல்லவே சொல்லாதன்னேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆறு வயதில் மறைக்கப் பழகுகிற பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லிக்கொடுத்து என்ன புண்ணியம்? "அப்ப கான்வென்ட்லயே சேத்துருவோம். ஆரு என்ன சொல்றாகன்னு பாத்துக்கிருவோம்" என்றேன். பெரிய வள்ளல் மாதிரிதான் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

சீறிவிட்டாள். "தெனமும் ஆரு கொண்டுபோயி விடப்போறது? நீங்களா? மெடிக்கல் கடைக்கு வேலைக்குப் போற வழியில நாந்தான விடணும்? தெனமும் அந்த வாசல்ல நின்னுட்டு, உள்ள இருக்கிற கோயிலுக்குப் போகாமத் திரும்பி வர என்னால முடியாதுங்க." குரல் இறங்கிவிட்டது. "உள்ள போனா மதினிக்குக் குடுத்த வாக்கு போயிரும். அதுவும் என்னால முடியாது."

மகள் டம்ளரின் அடியைக் குழாயால் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிறோம் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டு இருந்தேன். என் மனைவிக்கு அது, தான் விட்டுவிட்டு வந்த வீட்டின் வாசலில் தினமும் போய் நிற்பதா வேண்டாமா என்கிற விஷயம்.

அடுத்த இடி வந்தபோது நான் வழக்கம்போல வீட்டில் இல்லை. திருச்சுழிப் பக்கம் ஒரு வேப்பமரம் கம்பியில் சாய்ந்துவிட்டது. நனைந்து திரும்பினால் அக்கா என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். என் மனைவி இன்னும் கடையிலிருந்து வரவில்லை.

"ஏலே, என்னையப் பாத்தா பூச்சாண்டி மாதிரியா இருக்கு?"

நல்ல கேள்விதான். வேறு நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இடி இடிச்சுச்சுலே. பிள்ள ஓடியாந்து மடியில விழுந்துச்சு. வாயத் தொறந்துச்சு. என் மூஞ்சியப் பாத்துச்சு. ரெண்டு கையாலயும் வாயப் பொத்திக்கிருச்சு. ஒடம்பு கெடந்து நடுங்குது, பொத்துன கைய எடுக்க மாட்டேங்குது. அம்மா திட்டுனது, அப்பா கள்ளத்தனமா பஜ்ஜி தின்னது, எல்லாத்தையும் எங்கிட்ட ஒப்பிக்கிற பிள்ளைலே அது. என்னையப் பாத்து வாயப் பொத்துது."

எனக்கு ரகசியம் தங்காது. ரோஸ்மில்க் கடையில் என் மனைவி சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன். அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அந்தக் கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்தையும் ஒருக்காப் பாத்துட்டு வருவோம். நாந்தான் சொன்னேன்னு உம் பொண்டாட்டிட்ட சொல்லு."

என் மனைவி வர மறுத்தாள். கடையில் லீவு தர மாட்டார்கள் என்றாள். கடைக்காரர் தங்கமான மனிதர், கேட்டால் தருவார். நான் வற்புறுத்தவில்லை. அக்காவும் நானும் மகளுமாகப் போனோம்.

முற்றத்தில் பாறைக் குகை மாதிரி கட்டிய கெபிக்குள் மாதா சிலை நின்றிருந்தது. யாரும் சொல்லாமலே அக்கா செருப்பைக் கழற்றினாள். கைகூப்பினாள். பெண் பார்க்க வந்தவள் மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"இவுகதான் மரியா?" என்று கூட வந்த சிஸ்டரிடம் கேட்டாள்.

"ஆமாம்மா, மாதா."

"சூசை எங்கன?"

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அவர் உள்ளே கோயில்ல இருக்கார்மா."

"இவுகளுக்கு அவுக என்ன வேணும்? வீட்டுக்காரரா?"

"ஆமாம்."

"என்ன வேல பாத்தாக?"

"தச்சு வேலைம்மா."

அக்கா முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. என் பக்கம் திரும்பி, "நம்மளப் போல ஒழைச்ச சனந்தான்லே" என்றாள். இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்பதுபோல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாம் வகுப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பிவிட்டாள். இங்கே பாதிக்கு மேல் வேறு மதத்துப் பிள்ளைகள்தான், ஜெபத்தின்போது பாட விருப்பமில்லை என்றால் சும்மா நிற்கலாம் என்று சிஸ்டர் பின்னாலேயே விளக்கிக்கொண்டு போனார். "பாடுனாலும் சரி, நின்னாலும் சரி. வாயப் பொத்தாம இருந்தாச் சரி" என்றாள் அக்கா. சிஸ்டருக்கு அது புரிந்திருக்காது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி நம்பவில்லை. "மதினி மனசு விட்டுப்போயிச் சொல்றாக" என்றாள். சேர்த்தால் கொண்டுபோய் விடுவது நான்தான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஒத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் அந்தச் சத்தியம் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று எல்லோருமே போனோம். வாசலில் ஒரே அழுகைச் சத்தம். பிள்ளைகளைவிட அம்மாக்கள் அதிகம் அழுதார்கள். என் மகள் அழவில்லை. பக்கத்தில் அழுதுகொண்டு இருந்தவளிடம், எதற்கு அழுகிறாய், உன் டப்பாவில் என்ன சாப்பாடு என்று விசாரித்தபடியே உள்ளே போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கழுதை.

என் மனைவி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, வராத பஸ்ஸை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"ஏத்தா" என்றாள் அக்கா. "உள்ள ஒரு எட்டுப் போயிட்டு வா."

"எங்க மதினி?"

"கோயிலுக்குத்தான். வேற எங்க?"

என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இல்ல மதினி. ஒங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்னன்னு குடுத்த? எங்க வீட்டுக்குள்ள எங்க சாமின்னுதான கேட்டேன்? இது ஆரு வீடு? இது பள்ளிக்கூடந்தான?" அக்கா அதட்டினாள். கண்கள் அதட்டவில்லை. "செருப்பக் கழட்டி விட்டுட்டுப் போ. நாம் பாத்துக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள். மணலில் முதலில் மெல்லத்தான் நடந்தாள். கெபியைத் தாண்டியதும் ஏறக்குறைய ஓடினாள். அக்கா குனிந்து, கூட்டத்தில் மிதிபடாமல் அந்தச் செருப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

நேரம் போயிற்று. வாசலில் கூட்டம் கலைந்துவிட்டது. கரண்டு இல்லை என்று என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

"போயிக் கூட்டிட்டு வரவாக்கா? வேலைக்கு நேரமாச்சு."

அக்கா செருப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"சும்மா இருலே. இத்தன வருசமாப் பேசாம இருந்திருக்கா. இருக்கிறதப் பூராம் பேசி முடிச்சிட்டு வரட்டும்."