உட்காரச் சொன்ன குரல்

அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் எனக்குச் செக்கிங் வேலை. நாள் முழுக்க நின்றபடியே பார்க்க வேண்டும். ஆயுத பூஜைக்கு நாங்களே நாடகம் போடுவோம். இந்த முறை, மேடையில் ஒரு தாய் தனியாக நின்று மனதில் இருப்பதையெல்லாம் பேசும் காட்சி எனக்கு.

"எதிர்ல ஜனமே இல்லைன்னு நெனச்சுக்க. நீ பேசறது யார் காதுலயும் விழாது," என்றார் சூப்பர்வைசர். அது எனக்குப் பழக்கம்தான். வீட்டிலும் அப்படித்தான் பேசுகிறேன்.

அன்று மேடையேறி, "உழைச்சு உழைச்சு ஓய்ஞ்சு போயிட்டேன். இதை யார்கிட்ட சொல்வேன்?" என்று ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட சொல்லும்மா," என்றது முன்வரிசையில் ஒரு குரல். "மொதல்ல உக்காரு. எம்மா நேரம் நின்னுகினே கீற?"

யாருடைய அம்மாவோ, கள்ளிக்குப்பத்திலிருந்து வந்திருந்தார். கூட்டம் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் என் பதிலுக்குக் காத்திருந்தார்.

வசனம் மறந்துவிட்டது. மேடை விளிம்பில் உட்கார்ந்தேன். கால் வலிக்குது என்றால் டிவி சத்தத்தைக் கூட்டும் புருஷனைப் பற்றி அவரிடம் சொன்னேன். அவர் 'உம்' கொட்டிக் கேட்டார். சிரித்த கூட்டம் அடங்கிப்போயிருந்தது.

என் கணவரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, "இன்னாமா நடிச்ச! நெஜம் மாதிரியே இருந்துச்சு," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் டிவி போட்டார். நான் நின்றபடியே தோசை வார்த்தேன்.